கூடாரத்தில் எத்தனை பேர்

வெள்ளவத்தை,
14.06.1998

அன்புள்ள மகள் ஜெகதீஸ்வரிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் இடது முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே இருவரும் நல்ல சுகம், அங்கே நீயும் மருமகன் சிவானந்தனும் என் பேத்தி மாதுமையும் முழங்கால் உட்பட முழுச் சுகத்தோடு இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நீ அனுப்பிய பெரிய உறை போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. படங்களை அம்மா தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறா, கீழ்வீட்டுப் பலீலாவுக்கும் கொண்டுபோய்க் காட்டியாயிற்று, மாதுமைக்கு விழுந்த முன்பல் இரண்டும் திரும்ப முளைத்துவிட்ட செய்தி இந்த மாடி வீடுகள் முழுவதற்கும் தெரியும். ஒரு கிழமையாகக் கடற்காற்று பலம். குசினி யன்னலைத் திறந்தால் அடுப்பு அணைகிறது, மூடினால் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, ஆகவே நான் பக்கத்தில் நின்று அவ சொல்லச் சொல்லத் திறந்து மூடுகிற உத்தியோகம் பார்க்கிறேன், பென்ஷன் எடுத்த பிறகு கிடைத்த பதவி. முழங்காலுக்கு ஏதோ எண்ணெய் பூசுகிறா, அந்த மணத்தில் எனக்குத்தான் தலையிடி. நீ அனுப்பிய குளிசையை அவ தொடவில்லை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று நீ எழுதவில்லையாம். அதை அடுத்த கடிதத்தில் எழுது.

உறைக்குள் இருந்த நாலு பக்க நோட்டீஸுக்கு இனி வருகிறேன். போன வருஷம் நானும் அம்மாவும் அங்கே வந்திருந்தபோது எல்லாரும் போய்த் தங்கிய அந்த ஏரிக்கரைப் பூங்காவுக்கு இம்முறை உங்கள் ஊர்ச் சங்கத்தில் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து போவதாகவும், முக்கால்வாசிப் பேர் புதிதாக வந்தவர்கள் என்பதால் பூங்காவின் சட்டதிட்டங்களை அப்பா தமிழில் எழுதித் தந்தால் நல்லது என்றும் எழுதியிருந்தாய். நல்ல காரியம். ஆனால் அம்மாவுக்குத் தனியாக ஒரு துண்டுக் கடிதம் வைத்திருந்தாய் அல்லவா, அப்பாவின் மூளைக்கு இப்படி ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டிருக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர், இதை அப்பாவுக்குக் காட்ட வேண்டாம் என்று. அம்மா காட்டிவிட்டா. அவவை ஏசாதே, நாற்பத்தொரு வருஷத்தில் என் சிகரெட் பெட்டியைத் தவிர வேறொன்றையும் என்னிடம் ஒளிக்கத் தெரியாத மனுஷி. அந்தத் துண்டின் கடைசி வரியையும் வாசித்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பு இதோடு வருகிறது. புதுக்கடைக் கோட்டில் நீதவானுக்கு முன்னால் முப்பத்தொரு வருஷம் சாட்சிக்காரர் சொன்னதில் ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் மூன்று பாஷையில் மாற்றி மாற்றிச் சொன்ன வாய் என்னுடையது, இந்த நாலு பக்கம் ஒரு பின்னேர வேலை என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். ‘முகாம்’ என்று எழுதிவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவ மா அரிப்பதை நிறுத்திவிட்டு, ஐயோ அந்தச் சொல்லைப் போடாதேங்கோ, ஒருத்தரும் வான் வண்டியில் ஏற மாட்டினம் என்று சொன்னா. உண்மைதானே, எங்கள் ஆட்களுக்கு முகாம் என்றால் ஒன்று ஆமிக்காரன் இருக்கிற இடம், மற்றது அகதிகளை வைக்கிற இடம், காசு கட்டி லீவு எடுத்து அங்கே போய்ப் படுப்பார்களா. வெட்டிவிட்டுக் ‘கூடாரத் தரை’ என்று போட்டேன். அடுத்தது இரவு பத்து மணியிலிருந்து காலை ஏழு மணிவரை அமைதி நேரம். அதை வாசித்தால் எங்கள் சனம் ஊரடங்குச் சட்டம் என்று நினைத்துக்கொண்டு ஒன்றுக்குப் போகக்கூடக் கூடாரத்தை விட்டு வெளியே வராது. ஆகவே இது ஊரடங்கு அல்ல, தாராளமாக நடமாடலாம், றேடியோவும் உரத்த கதையும்தான் கூடாது என்று கீழே குறிப்பு எழுதியிருக்கிறேன். சட்டத்தில் இல்லாததை நானாகச் சேர்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மற்ற விதிகளையும் எல்லாருக்கும் வாசித்து விளங்கப்படுத்து, கடதாசியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாதே. அடுத்தவருடைய கூடாரத் தரைக்குள்ளால் குறுக்கே நடக்கக் கூடாது, தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் கிட்ட என்றாலும் சுற்றித்தான் போக வேண்டும். வேலி இல்லை, மதில் இல்லை, ஒரு கயிறுகூட இல்லை, ஆனாலும் ஒருத்தரும் எல்லை தாண்டவில்லை, அதைப் பார்த்து நான் அதிசயித்துப் போனேன். ஒரு முழ வேலிக்காகத் தமையனும் தம்பியும் பதினாறு வருஷம் வழக்காடியதை நான் வரி வரியாக மொழிபெயர்த்திருக்கிறேன். விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது, அதிலுள்ள பூச்சி அங்குள்ள மரங்களைத் தின்றுவிடுமாம், அங்கே விற்கிற கட்டைத்தான் வாங்க வேண்டும், கிடக்கிற சுள்ளியையும் பொறுக்கக் கூடாது. நெருப்பை விட்டுவிட்டுப் படுக்கப் போகக் கூடாது, தண்ணீர் ஊற்றிக் கிளறிக் கை வைத்துப் பார்த்துக் குளிர்ந்த பிறகுதான் போகலாம். குழாயடியில் சட்டி பானை கழுவக் கூடாது. எங்கள் பெண்கள் இதைத்தான் முதலில் செய்வார்கள், சோற்றுப் பருக்கைக்குக் கீரியும் வரும் கரடியும் வரும் என்று சொல்லிப் பயமுறுத்து, அங்கே கீரி இல்லை என்பது எனக்குத் தெரியும். சாப்பாடு ஒன்றும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, எல்லாம் காருக்குள். அம்மா போன வருஷம் கருவாட்டுப் பார்சலைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்ததும் மருமகன் மணம் பிடித்துக் கண்டுபிடித்ததும் ஞாபகம் இருக்கும். மரத்துக்கு மரம் கொடி கட்டக் கூடாது என்பதையும் அடிக்கோடிட்டிருக்கிறேன். அம்மா ஆறு யார் சேலையைக் குறுக்கே காயப் போட, பக்கத்துத் தரை வெள்ளைக்காரி வந்து இன்றைக்கு உங்களுக்குப் பெருநாளா என்று கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, அம்மாவுக்கு வருவதில்லை.

இப்படிப் பத்து விதிகள் ஒரே மூச்சில் போயின. பதினோராவதில் பேனை நின்றது. தரையில் தங்குகிற எல்லாருடைய எண்ணிக்கையையும் வாசலில் பதிய வேண்டும், பூங்கா உத்தியோகத்தர் வந்து கேட்டால் எத்தனை பேர் என்று சரியாகச் சொல்ல வேண்டும், ஆபத்து வேளையில் உங்களைத் தேடி வருவதற்கு அதுதான் ஆதாரம். அவ்வளவுதான் விதி, சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். நாலு நாள் அதை எழுத முடியாமல் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன். அம்மா நேற்றுக் காலை தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, அதை எழுத முதல் பிள்ளைக்கு மற்றதை எழுதுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனா. அவவுக்கு எல்லாம் தெரியும். உனக்குத்தான் தெரியாது.

ஜெகா, எனக்கு மறதி வியாதி இல்லை. போன வருஷம் ஓகஸ்ட் மாதம் ஒன்பதாம் திகதி சனிக்கிழமை பின்னேரம் மூன்றேகால் மணிக்கு, நாற்பத்துமூன்றாம் இலக்கத் தரையில், மடக்குக் கதிரையில் இருந்து இதே நோட்டீஸை மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டிருந்தேன். நீ ஐஸ்கட்டியும் பாணும் வாங்கக் காரில் போயிருந்தாய். மருமகனும் மாதுமையும் சிவப்பு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு சின்னத் தோணியில் ஏரிக்குள் போயிருந்தார்கள். அம்மா சாப்பிட்ட களையில் கூடாரத்துக்குள் நித்திரை. அப்போது பூங்காவில் உத்தியோகம் பார்க்கிற அந்தப் பிள்ளை வந்தாள், இருபத்தைந்து வயதுகூட இராது. ஆனால் நான் முகத்தைப் பார்க்கவில்லை. காக்கிச் சட்டையைப் பார்த்தேன், பூட்ஸைப் பார்த்தேன், கையில் கொப்பியைப் பார்த்தேன், இடுப்பில் கிடந்த வோக்கி டோக்கி கரகரவென்று கத்தியதைக் கேட்டேன். இந்தத் தரையில் எத்தனை பேர் தங்குகிறீர்கள் என்று கேட்டாள். வாய்க்கு முன்னம் கால் முந்திக்கொண்டது. கூடார வாசலில் கிடந்த மாதுமையின் ரோஸ் செருப்பையும் மருமகனின் சப்பாத்தையும் உன்னுடையதையும் பாய்க்குக் கீழே தள்ளிவிட்டேன். பிறகு எழுந்து நின்று ‘ரூ ஒன்லி, சேர்’, இரண்டே பேர்தான் என்றேன். பொம்பிளைப் பிள்ளையைப் பார்த்துச் சேர் என்றேன்.

இது எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் இதுவரை சொல்லவில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளையை ஏன் கலக்க வேண்டும் என்றுதான். தொண்ணூற்றாறில் உன் சித்தப்பா நவரத்தினம் கண் ஒப்பரேஷனுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து எங்களோடு நின்றான் அல்லவா, வெளியூர்த் தமிழர் வந்து தங்கினால் பொலிஸில் பதிய வேண்டுமே, அந்தப் பதிவுக்குக் கொடுத்த ஃபோம் திரும்பிவர இருபத்துமூன்று நாள் பிடித்தது. அந்த இருபத்துமூன்று நாளும் எங்கள் வீட்டுப் பதிவில் நானும் அம்மாவும் மட்டும். ஆமியும் பொலிஸும் செக்கிங் வந்தால் அவன் கண்ணில் கட்டோடு குளியலறைக்குள், அவன் செருப்பு அரிசி வாளிக்குள், நான் வாசலில் நின்று ‘தென்னய், மாத்தயா’, இரண்டே பேர் ஐயா. ஐந்து தரம் வந்தார்கள், ஐந்து தரமும் தென்னய் மாத்தயா. ஐம்பத்தெட்டு வயதுப் போஸ்ட்மாஸ்டர், ஒரு தபால் முத்திரையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனுஷன், கக்கூஸ் மூலையில் குந்திக்கொண்டிருந்தான். பதிவு வந்தது, கண் சுகமாயிற்று, அவன் ஊருக்குப் போய்விட்டான், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அன்றைக்கு ஏரிக்கரையில் காக்கியைக் கண்டதும் உள்ளே சிங்களத்தில் எழும்பியதை என் வாய் என்னைக் கேளாமலே இங்கிலீசில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டது.

அதுவரைக்கும் பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பலாம். அதற்குப் பிறகு நடந்ததுதான் என் குற்றம். அந்தப் பிள்ளை இரண்டு என்று எழுதிக்கொண்டு, பெரிய காற்றும் மின்னலும் வருகிறது, ஏரியில் இருக்கிறவர்களைக் கூட்டிவரப் படகு போகிறது, உங்களில் யாராவது தண்ணீரில் இருக்கிறார்களா, இரண்டு பேரும் இங்கேதானா என்று திரும்பவும் கேட்டாள். அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. மாதுமையின் முகம்கூடக் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் இரண்டு என்று சொன்ன ஆள் ஐந்து என்று மாற்றினால் கேள்வி நீளும், ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள், இங்கே அதுதானே எனக்குத் தெரிந்த நடைமுறை. யெஸ் சேர் என்று கூடாரத்தைக் காட்டினேன். அவள் போய்விட்டாள். இருபது யார் தூரம் போகும்வரை முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை.

மிச்சம் உனக்குத் தெரியும். படகு ஏரியைச் சுற்றிப் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது, எங்கள் இலக்கத்துக்கு நேரே எல்லாரும் கரையில் என்று இருந்தபடியால் உன் புருஷனையும் பிள்ளையையும் ஒருத்தரும் தேடவில்லை. அக்கரையில் ஒரு பாறைக்குப் பின்னால் தோணியைக் கவிழ்த்து அதன் கீழே இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்தார்கள். மழை விட்ட பிறகு மீன்பிடிக்கப் போன ஒரு கிழவர் கண்டு கொண்டுவந்து சேர்த்தபோது மாதுமைக்கு உதடு நீலம், பல்லோடு பல் அடித்தது, மூன்று நாள் காய்ச்சல். பூங்காக் கந்தோரில் நீ அந்தப் பிள்ளையைப் பிடித்துக் கேட்டாய், இந்த ஐயா இரண்டு என்று சொன்னார் என்று அவள் சொன்னாள். நீ திரும்பி, அப்பா நீங்கள் அப்பிடியே சொன்னனீங்கள் என்று கேட்டாய். ஞாபகம் இல்லைப் பிள்ளை என்று சொன்னேன். அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தான் பிழையாகக் கேட்டிருக்கலாம் என்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டாள், நீ அவளை வாய்க்கு வந்தபடி பேசினாய், நான் பக்கத்தில் ஈரச் சட்டையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கோட்டில் எத்தனையோ பொய்ச்சாட்சிகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஒருத்தனும் இவ்வளவு கேவலமாகச் செய்ததில்லை.

அதிலிருந்துதான் உனக்கு என் மறதியில் சந்தேகம். கெட்டிக்காரப் பிள்ளை, அடுத்த கிழமையே டொக்டரிடம் கூட்டிப் போனாய். அவர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, எனக்குத் தெரியாதா. வேண்டுமென்றே எண்பது என்றேன். மூன்று சொல் தந்து கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், இரண்டைச் சொல்லி மற்றதற்குத் தலையைச் சொறிந்தேன். குடை, ரயில், எலுமிச்சம்பழம். பத்து மாதமாகிறது, இன்னும் மறக்கவில்லை. பொய் சொன்னவன் என்று நீ நினைப்பதைவிட மூளை கெட்டவன் என்று நினைப்பது எனக்குச் சுகமாக இருந்தது. நீ கோபிக்காமல் சாப்பாடு போட்டாய், மெதுவாகக் கதைத்தாய், கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கச் செய்தாய். வெட்கம் கெட்டுப்போய் அதையெல்லாம் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அம்மாவுக்கு நீ எழுதிய துண்டின் கடைசி வரி என்னைச் சுட்டுவிட்டது. இந்த முறை இருவரும் வரும்போது பூங்காவுக்கு அம்மாவை மட்டும் கூட்டிப் போவோம், அப்பா வீட்டில் யாரோடாவது நிற்கட்டும், அப்பாவையும் மாதுமையையும் தனியே விட எனக்கு இனித் தைரியம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதியதில் பிழை இல்லை. தாய் அப்படித்தான் நினைக்க வேண்டும். ஆனால் காரணத்தைப் பிழையாக வைத்துக்கொண்டு தண்டிக்காதே. மறதிக்காரன் என்று இரங்கி என்னை விலக்காதே, பொய்க்காரன் என்று கோபித்து விலக்கு, அது எனக்குத் தகும். கூட்டிப் போகலாமா வேண்டாமா என்பதை நீயும் மருமகனும் கதைத்து முடிவெடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். மருமகனுக்கு இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு, தோணிக்குக் கீழே இருந்தது அவர். இதோடு இங்கிலீசில் இன்னொரு கடிதம் இருக்கிறது, பூங்காக் கந்தோருக்கு. போன வருஷம் நாற்பத்துமூன்றாம் இலக்கத்துக்கு வந்த உத்தியோகத்தர் சரியாகத்தான் கேட்டார், சரியாகத்தான் எழுதினார், பொய் சொன்னது நான் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். அவள் இப்போது அங்கே இல்லாவிட்டாலும் தேடிக் கொடுக்கச் சொல்.

பதினோராவது விதியையும் நேற்றுப் பின்னேரமே எழுதி முடித்துவிட்டேன். அதன் கீழே எட்டுக் குடும்பத்துக்கும் ஒரு குறிப்பு இருக்கிறது, பார்த்துவிட்டு வெட்டிவிடாதே. காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் வந்து எத்தனை பேர் என்று கேட்பார், அவர் பிடித்துக்கொண்டு போக வரவில்லை, காணாமல் போனால் தேடுவதற்காகக் கேட்கிறார், உள்ளே படுத்திருப்பவர், குளிக்கப் போனவர், ஏரிக்குப் போனவர் எல்லாரையும் சேர்த்து உள்ள கணக்கைச் சொல்லுங்கள், செருப்புகளை வெளியே விடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். என்னைப் போல இன்னும் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் வருகிறார்களோ.

இன்னொன்று மாதுமையைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுக்கும்போது அவள் முதலில் என்ன சொல்கிறாள் என்று நீ கவனித்தாயோ தெரியாது. அம்மப்பா, நான் மாதுமை, ஜெகாவின்ர மகள், எனக்கு எட்டு வயது என்று ஒவ்வொரு முறையும் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாள், மறந்திருப்பேனாம். ஓம் குஞ்சு என்று சொல்லிவிட்டு நான் ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன், மேலே கேட்க முடிவதில்லை. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு கோல் எடுக்க முதல் நீ அவளுக்கு ஒன்றும் சொல்லி வைக்காதே. நானே சொல்கிறேன், அவளுக்கு விளங்குகிற மாதிரி. கேட்டுவிட்டு இனி அம்மப்பாவோடு கதைக்க மாட்டேன் என்றாள் என்றால் கட்டாயப்படுத்தாதே, ரெலிபோனை வைத்துவிடட்டும். அவளை நான் ஒரு நாளும் மறக்கவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தால் எனக்குப் போதும்.

எல்லாரும் நீண்ட ஆயுளோடும் நோய் நொடி இல்லாமலும் இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். அம்மாவின் குளிசை முன்னா பின்னா என்று எழுத மறக்காதே, பூங்காப் படிவத்தில் வருகிறவர்களின் கணக்கைச் சரியாகப் போடு.

இப்படிக்கு,
எல்லாம் ஞாபகமுள்ள உன் அப்பா,
க. தில்லைநாதன்